விவேகத்தின் வேர் தேடி முறம் வரைக்கும்

சொற்களுக்கு வேர் தேடி எழுதிவைக்கும் என் நோட்டில் இந்த முறை 'விவேகம்'. வடமொழிச் சொல், 'வி' முன்னொட்டு, 'விச்' வினையடி. அந்த அடிக்கு என்ன பொருள் என்று மோனியர் வில்லியம்ஸின் 1899ஆம் ஆண்டு சமஸ்கிருத-ஆங்கில அகராதியில் பார்த்தேன். பிரித்தல், சலித்தல், குறிப்பாகத் தானியத்தைப் புடைத்து உமியை நீக்குதல் என்று இருக்கிறது. நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிவதற்கு வேதாந்திகள் வைத்திருக்கும் சொல், களத்துமேட்டு வேலையிலிருந்து வந்திருக்கிறது!

அப்படியானால் தமிழில்? திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'தெரிந்து தெளிதல்'. ஒருவரை ஆராய்ந்து, பிறகு நம்புவது. 'தெளி'யைப் பிடித்துக்கொண்டு பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்குப் போனேன். 'தெள்' என்ற அடியில் தெளிவும் இருக்கிறது, முறத்தில் தெள்ளுவதும் இருக்கிறது. உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில் அறிவுக்குப் பக்கத்திலேயே முறம் கிடப்பதைப் பார்த்த பிறகு நோட்டோடு நிறுத்த மனம் வரவில்லை. அத்தை வீட்டு மூங்கில் முறத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"புடைக்கிறது வேற, கொழிக்கிறது வேற, தெள்ளுறது வேற கண்ணு" என்றார் அத்தை. மூன்றையும் செய்து காட்டினார். புடைத்தால் அரிசி மேலெழும்பி விழும். உமியும் தவிடும் காற்றில் போய்விடும். இது சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. கொழிக்கும்போது முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கல்லை ஒதுக்க வேண்டும். தெள்ளுவதுதான் நுட்பம். முறத்தைச் சற்றே சாய்த்து, தட்டாமல் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால் நொய்யும் முழு அரிசியும் மெதுவாகப் பிரியும். வேகம் கூடினால் இரண்டும் மறுபடி கலந்துவிடுகின்றன. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், கண் அரிசியை விட்டு நகரக் கூடாது. எனக்கு இப்போதுதான் ஓரளவு பிரிய ஆரம்பித்திருக்கிறது.

இதைச் செய்தபோதுதான் விவேகத்துக்கு நான் எழுதி வைத்திருந்த 'நல்லது கெட்டதைப் பிரித்தறிதல்' என்ற பொருள் போதவில்லை என்று பட்டது. உமியை நீக்க அவ்வளவு நிதானம் தேவையில்லை, காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். நொய்யும் அரிசியும் அப்படியல்ல. இரண்டும் உணவுதான், ஒன்று கஞ்சிக்கு, ஒன்று சோற்றுக்கு. எது எதற்கு என்று பிரிப்பதில்தான் கை நின்று யோசிக்கிறது. நோட்டில் பொருளை மாற்றி எழுதிவிட்டேன்.

லத்தீனையும் ஒரு பார்வை பார்த்தேன். பகுத்தறிந்து நடப்பதைச் சொல்லும் ஆங்கில 'டிஸ்கிரீஷன்' வந்த 'கெர்னெரே' என்ற வினைக்கும் சலித்தல், பிரித்தல் என்றே பொருள். சல்லடைக்கு அங்கே வழங்கும் 'கிரிப்ரும்' அதற்கு உறவு.

நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் சூத்திரம் இங்கே பொருத்தமாக வந்து நின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் முதல் தரம். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, அதாவது பன்னாடை, கடைசித் தரம். இரண்டுமே பிரிக்கின்றன, எதை வைத்துக்கொள்கின்றன என்பதைப் பார்த்துத் தரம் சொல்லியிருக்கிறார் பவணந்தியார். இந்த நுட்பத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

அடுத்த பக்கத்தில் 'நிதானம்' என்று தலைப்பு எழுதியாயிற்று. வடமொழியில் மூல காரணம் என்று பொருள்படும் சொல், தமிழில் பதறாமைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேட வேண்டும். நோயின் காரணம் கண்டறிவதற்கு ஆயுர்வேதத்தில் இதே பெயர் இருப்பதால் அங்கிருந்து தொடங்கப் போகிறேன்.