நெட் சமூகவியல்: ஃபூக்கோவை வருட வரிசையில் படியுங்கள்

யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்திருக்கிறது. மார்க்ஸ், வெபர், துர்க்கைம் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பலரும் பயந்து ஒதுக்குகிற பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷல் ஃபூக்கோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய கருத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். வாழ்க்கையை ஒரே தாளில் வருட வரிசையாக எழுதுங்கள். அப்போது எந்த ஊரில் இருந்தார், என்ன புத்தகம், அதில் எந்தக் கருத்து மேலே வருகிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். எனக்கு வரையறை மனதில் நிற்காது, கதை நிற்கும். நீங்களும் அப்படியென்றால் இந்த ஒரு தாள் போதும்.

1926இல் பிரான்ஸின் புவாத்தியே நகரில் ஓர் அறுவை மருத்துவருக்கு மகனாகப் பிறந்தார். பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான எகோல் நோர்மாலின் நுழைவுத் தேர்வில் 1945இல் தோற்று, 1946இல் தேறினார். 1950இல் அக்ரெகாசியோன் என்ற ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்விலும் தோல்வி. அடுத்த வருடம் தேர்ச்சி. இதை வினாத்தாளில் கேட்கமாட்டார்கள். ஆனால் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

1955இல் ஸ்வீடனின் உப்சாலா. அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தின் பழைய மருத்துவ நூல்களிலிருந்து உருவாகத் தொடங்கியதுதான் 1961இல் வந்த 'பைத்தியத்தின் வரலாறு'. 1656இல் பாரிஸில் 'பொது மருத்துவமனை' என்ற பெயரில் ஏழை, வேலையற்றவர், மனநிலை பிறழ்ந்தவர் எல்லோரையும் அடைத்தார்களே, அந்தப் 'பெரும் அடைப்பு' இந்த நூலில்தான் வருகிறது. அடைத்த இடங்களில் ஒன்று சால்பெத்ரியேர். 1984 ஜூன் 25 அன்று எய்ட்ஸ் நோயால் ஃபூக்கோ இறந்ததும் அதே சால்பெத்ரியேரில்தான்.

1963இல் மருத்துவமனை பற்றிய நூல், அதில் மருத்துவ நோக்கு (நோயாளியின் உடலை மருத்துவம் பார்க்கும் விதம்). 1966 நூலில் எபிஸ்டீம் (ஒரு காலத்தின் அறிவுக்கு அடியில் இருக்கும் ஒழுங்கு). 1969 'அறிவின் தொல்லியல்'. கடைசியானது துனிஸில் பாடம் நடத்திய காலத்தில் எழுதியது. இதுவரை தொல்லியல் காலம், அதாவது அறிவின் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்த காலம், என்று ஒரு கோடு போடுங்கள்.

கோட்டுக்குக் கீழே வருவதுதான் முக்கியம். 1970இல் பாரிஸின் உயரிய ஆய்வு நிறுவனமான கொலேஜ் த ஃபிரான்ஸில் பேராசிரியர் ஆகிறார். அடுத்த வருடமே தோமனாக், விடால்-நாக்கே என்ற இரு அறிவுஜீவிகளோடு சேர்ந்து சிறைத் தகவல் குழுவைத் தொடங்குகிறார். சிறை வாசலில் வரிசையில் நின்ற குடும்பத்தாரிடம் வினாப்படிவம் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கைதிகளின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். 1975இன் 'கண்காணிப்பும் தண்டனையும்' அதற்குப் பிறகு எழுதப்பட்டது என்று தெரிந்தால், அதிகாரம் பற்றி அவர் சொல்வது பாதி புரிந்துவிடும். 1757இல் தாமியான் என்பவரை ஊரறியச் சித்திரவதை செய்து கொல்வதில் நூல் தொடங்குகிறது. உடனே, சுமார் 80 வருடம் கழித்து இளங்கைதிகளுக்கு மணிக்கணக்கில் போட்ட கால அட்டவணை வருகிறது. உடலை வதைப்பது போய், நேரத்தையும் அசைவையும் பழக்குவது வந்துவிட்டது.

அதே நூலில் தேர்வு பற்றி ஒரு பகுதி உண்டு. படிநிலைக் கண்காணிப்பு, இயல்பாக்கும் தீர்ப்பு (எது இயல்பு என்று அளவுகோல் வைத்து மதிப்பிடுவது), இரண்டும் சேர்ந்த தேர்வு: ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் மூன்று கருவிகள் இவை. தேர்வு ஒவ்வொருவரையும் ஆவணமாக்கி, அளந்து, ஒப்பிட்டு, ஒரு 'கேஸ்' ஆக்குகிறது என்கிறார். விண்ணப்ப எண், பர்சென்டைல், கட்-ஆஃப் என்று அலைகிற நமக்கு இதற்கு விளக்கவுரையே வேண்டாம். நான் படித்ததிலேயே உண்மையான பக்கங்கள் இவைதான்.

கேள்விகளில் கவனிக்க வேண்டியவை:

- ஆங்கிலப் பதிப்பு வருடங்கள் தனி வரிசை. பிரெஞ்சில் மருத்துவமனை நூல் 1963, தொல்லியல் 1969. ஆங்கிலத்தில் தொல்லியல் 1972, மருத்துவமனை 1973. வரிசை தலைகீழாகிவிடும். தாளில் இரண்டையும் எழுதுங்கள்.
- பனாப்டிகான் (நடுவிலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்கக்கூடிய சிறை) ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாமின் திட்டம். அதை ஒரு சமூகத்தின் இயங்குமுறையாக விரித்ததுதான் ஃபூக்கோவின் பங்கு.
- உயிரதிகாரம் (மக்களின் உயிர்வாழ்வை நிர்வகிக்கும் அதிகாரம்) 1976, 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதி. ஆட்சிமை (மக்களின் நடத்தையை வழிநடத்தி ஆளும் முறை) 1978 விரிவுரை. இரண்டையும் குழப்பாதீர்கள்.
- அமைப்பியல்வாதி (எதையும் அதன் அடியிலுள்ள அமைப்பால் விளக்குபவர்) என்ற முத்திரையை அவரே மறுத்தார்.
- 'பாலியலின் வரலாறு' நான்காம் தொகுதி வந்தது 2018இல், இறந்து பல வருடங்களுக்குப் பின்.

அப்புறம் ஒரு கோபம். நான் போன பயிற்சி மையத்தின் நோட்ஸில் 'ஃபூக்கோ: அறிவே அதிகாரம்' என்று ஒரே வரி. அவர் சொன்னது அதுவல்ல. இரண்டும் ஒன்றென்றால் அவற்றுக்கிடையே உள்ள உறவை ஆராய வேண்டியதே இல்லையே! ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது, தாங்குகிறது என்பதுதான் அவர் வாதம். பணம் வாங்கிக்கொண்டு இப்படி ஒற்றை வரியில் முடிப்பது மாணவர்களுக்குச் செய்கிற அநியாயம். கூற்று-காரணம் வகைக் கேள்வியில் இந்த ஒரு வரியை நம்பினால் விடை தவறும்.

மொழியியலாளர் சாம்ஸ்கியோடு நடந்த 1971 விவாதம், ஈரான் புரட்சி பற்றிய கட்டுரைகள் எல்லாம் தேர்வு முடிந்த பிறகு. நேரம் குறைவா? சரி, தேர்வு பற்றிய அந்தப் பகுதி, 1976 நூலின் கடைசி அத்தியாயம். இந்த இரண்டையும் மூலத்தில் படித்துவிட்டு அடுத்த சிந்தனையாளர் பூர்தியூவுக்குப் போய்விடுங்கள்.