அரைத் தண்ணீரில் மஸ்கெலியா

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே மஸ்கெலியா போய்ச் சேர்ந்தேன். மாமா வீட்டுக்கு வாங்கிய பிஸ்கட் பெட்டிக்கு அடியில் என் சின்ன நீரடி கேமரா கிடந்தது. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் கேமரா அது. எனக்கு வேண்டியிருந்ததோ அரை அடி ஆழம்தான்.

1969இல் மவுசாகலை அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இப்போதுள்ள நகரம் மேட்டில் எழுந்தது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். படத்தின் கீழ்ப்பாதியில் நீருக்குள் பழைய ஊர், மேல்பாதியில் தேயிலை மலை. இந்த ஒரே படத்துக்காகத்தான் மார்ச் மாதத்தில் வந்திருந்தேன்.

முதல் நாள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் பழகிப் பார்த்தேன். அறுபது படங்களில் ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் கண்ணாடியைத் தொடும் இடத்தில் சற்று மேலேறி ஒரு பட்டையாக நிற்கும். பெரிய கேமராக்காரர்கள் ஆறு, எட்டு அங்குல அகலமுள்ள அரைக்கோளக் கண்ணாடியை முன்னால் மாட்டுவதால், அந்தப் பட்டை அவர்கள் படத்தில் மெல்லிய கோடாகிவிடும். என் கேமராவின் கண்ணாடியோ சட்டைப் பொத்தான் அளவு. அலை ஒரு விரற்கடை ஏறினாலே படம் முழுவதும் தண்ணீர். இறங்கினால் முழுவதும் வானம். எஞ்சியவற்றின் நடுவில் கலங்கலான ஒரு பட்டை, குறுக்கே துணி கட்டியதுபோல.

மறுநாள் காலை எட்டரைக்கே மாமாவும் நானும் நீர்த்தேக்கக் கரைக்கு இறங்கினோம். காற்று எழுவதற்கு முன் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மதியத்துக்கு மேல் மூடுபனி வந்துவிட்டால் மலையும் இல்லை, படமும் இல்லை. கரையோரச் சேறு முழங்கால் வரை விழுங்கியது. "அங்கே போகாதே தம்பி, கல் இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் வை" என்று மாமா கரையிலிருந்து அதட்டிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் தேநீர் நிறம். ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட நீரில் ஒரே வழி, பொருளை ஒட்டிப் போவதுதான். இடையில் இருக்கும் தண்ணீர் குறைந்தால் கலங்கலும் குறையும். பாதி மூழ்கிய கருங்கல் படியொன்று அகப்பட்டது. ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுத்து, ஒரு சாண் தூரத்தில் கேமராவைப் பிடித்தேன். தானாகக் குவியவிட்டால் அது நீர்க்கோட்டையே பிடித்துக்கொண்டது. அதனால் முதலில் நீருக்குள் இருந்த கல்லில் குவியத்தைப் பூட்டிவிட்டு மேலே தூக்கினேன். கேமராவுக்குள் படம் பதியும் உணரி சிறியது என்பதால் தூரத்து மலையும் ஓரளவு தெளிவாகவே விழுந்தது. சின்னக் கேமராவுக்கு இருக்கும் ஒரே சலுகை இது.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. நீருக்குள் இருட்டு, மேலே வானம் கண்ணைக் கூசும். வெயில் முதுகில் படும்படி திரும்பி நின்றதும் இரண்டும் கொஞ்சம் சமாதானமாயின. கண்ணாடியில் துளிகள் தங்காமலிருக்க எச்சில் தடவி அலசினேன். ஒவ்வொரு முறையும் கேமராவை முக்கியெடுத்து, ஒட்டிய நீர் வழிந்து முடிவதற்குள் தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள். இடுப்புக்குக் கீழே குளிரில் மரத்துவிட்டது. அட்டை கடித்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்று தேறியது. மேலே தேயிலைச் சரிவு, கீழே பாசி பிடித்த படி. நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் படியின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் பொருந்தவில்லை.

"ஊறிப் பருத்துவிட்டதா?" என்றார் மாமா, திரையைப் பார்த்து. நகரம் மூழ்கியபோது அவருக்குப் பத்து வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது கோவில் படி இல்லை. புடவைக்கடைப் படி."

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "புடவைக்கடைக்குப் படியே கிடையாது. பேக்கரியாக இருக்கும்."

இரவுச் சாப்பாடு முடியும்வரை அது தீரவில்லை.