412 நாள் அப்டைம்

அந்த பில்லிங் சர்வர் 412 நாளாக ஒருமுறைகூட நிற்கவில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமையாக வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு விடிகாலை கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்துவிட்டது. பிங் அனுப்பினால் பதில் வந்தது, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே நுழையவும் முடிந்தது. பில்லிங் மட்டும் வரவில்லை. "தம்பி, கவுண்டர்ல பத்து பேர் நிக்கிறாங்க" என்று மேனேஜர் அண்ணன் போன் செய்தார். பில்லிங் சர்வீஸின் நிலையைக் காட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கமாண்டை அடித்தேன். 'இனாக்டிவ், டெட்': ஓடவில்லை. அதற்கு மேல் வரியிலேயே காரணமும் இருந்தது: 'டிஸேபிள்டு', அதாவது பூட் ஆகும்போது தானாகத் தொடங்காது.

நான் உபுண்டு என்ற லினக்ஸில் பழகியவன். அங்கே பேக்கேஜ் போட்டாலே சர்வீஸ் ஓடத் தொடங்கிவிடும், அடுத்த பூட்டிலும் தானே வரும். இந்த மெஷினில் இருந்தது சென்டோஸ் 7 என்ற இன்னொரு லினக்ஸ். இங்கே நாம் போடும் பெரும்பாலான சர்வீஸ்கள் தானாகத் தொடங்காது. ஸ்டார்ட் அடித்தால் இப்போதைக்கு மட்டும் ஓடும். எனேபிள் அடித்தால்தான் மல்டி-யூசர் டார்கெட்டின் வான்ட்ஸ் டைரக்டரியில் ஒரு சிம்லிங்க், அதாவது அந்த சர்வீஸைச் சுட்டும் இணைப்பு, விழும். பூட் ஆகும்போது, சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி பார்ப்பது அதைத்தான். முதன்முதலில் பில்லிங்கை நிறுவிய அன்று நான் ஸ்டார்ட் மட்டும் அடித்தேன், பிரவுசரில் பக்கம் வந்தது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

சூடு பட்ட பூனை மாதிரி, அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் எனேபிள் செய்தேன். டேட்டாபேஸ் சர்வரான மரியாடிபியையும். அதன் டேட்டா தனி டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க் கிடைக்காவிட்டால் பூட் பாதியில் நின்றுவிடக் கூடாதென்று டிஸ்க்குகளின் பட்டியல் ஃபைலான எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்' வேறு போட்டிருந்தேன். அடுத்த ரீபூட்டில் டிஸ்க் மவுன்ட் ஆக, அதாவது சிஸ்டத்தோடு இணைய, தாமதமானது. மரியாடிபி பார்த்தது, டைரக்டரி காலி. சரி, புது இன்ஸ்டால் போல என்று புத்தம்புது டேட்டாபேஸை உருவாக்கிக்கொண்டு ஜோராக ஓடத் தொடங்கியது. ஸ்டேட்டஸில் பச்சை எழுத்தில் 'ஆக்டிவ்'. உள்ளே எங்கள் டேபிள் ஒன்றுகூட இல்லை. முதல் ஞாயிறைவிட அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு வியர்த்தது. சர்வீஸை நிறுத்தி, டிஸ்க்கை மவுன்ட் செய்து, மறுபடி ஸ்டார்ட் அடித்தபோது பழைய டேட்டா பத்திரமாக இருந்தது.

சர்வீஸின் அமைப்பு ஃபைலான யூனிட்டில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்று ஒரு வரி சேர்த்தால் டிஸ்க் வராமல் மரியாடிபி எழாது என்பதை அன்று இரவுதான் படித்தேன். அதைப் போட்டுச் சோதிக்கும்வரை ஒரு மாதம் டிஸேபிள் செய்து, கையால்தான் ஸ்டார்ட் செய்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது எந்த சர்வரையும் ஒப்படைக்கும் முன் ஒருமுறை ரீபூட் செய்துவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் கேட்டான்: "நல்லா ஓடுறதை எதுக்குண்ணே நிறுத்துறீங்க?"