வாட்ச்சைத் திருப்பவே இல்லை

ஜூலையில் அக்கா வீட்டுக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் ஒரு தளம் 15,300 கிலோமீட்டர் சொச்சம், 17 மணி நேரம் என்றது. தூரம் சரி, நேரம்தான் டுபாக்கூர். தூரத்தை விமான வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்துப் போட்டுவிட்டார்கள் போல. டிக்கெட்டில் இருந்ததோ ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம்.

மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது? பையனுடைய குளோபை எடுத்து நூல் பிடித்துப் பார்த்தேன். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74, கூட்டினால் 178, அதாவது பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, அதனால் குறுக்கு வழி என்றால் நேரே வடக்கே ஏறி வட துருவத்தை ஒட்டிப்போய் அந்தப் பக்கம் இறங்குவதுதான். அந்த 15,300 இந்த நூலின் நீளம். விமானம் அப்படிப் போகவில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி பசிபிக்கைத் தாண்டியது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், 16,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் அதுதான் லாபம்.

இந்த வழித்தடத்தில் எல்லாமே எரிபொருள் கணக்குதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் ஏர்பஸ்ஸில் நியூயார்க்குக்குப் பக்கத்து நெவார்க்குக்கு இடையில் நிற்காத விமானம் ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தி, 2018இல் இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. மொத்தமே 161 இருக்கைகள், எக்கானமி கிடையாது. பிராங்பர்ட் வழியாகப் போனால் எக்கானமி உண்டு, ஆனால் ஒரு முழு நாள் ஓடிவிடும். யோசித்து யோசித்து, முழங்காலுக்காகப் பர்ஸைத் தியாகம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை நடுராத்திரி நெருங்கும்போது கிளம்பினோம். பசிபிக் மேலே சனிக்கிழமை விடிந்தது. தேதிக் கோட்டைத் தாண்டியதும் மறுபடி வெள்ளிக்கிழமை, அமெரிக்கப் பக்கம் போனதும் மறுபடி வெள்ளி ராத்திரி, அப்புறம் இன்னொரு சனிக்கிழமை காலையில் ஆறு மணி வாக்கில் இறங்கினோம். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால் கையிலிருந்த முள் வாட்ச்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். (குளிர்காலத்தில் போனால் ஒரு மணி நேரம் திருப்ப வேண்டும்.)

திரும்பும்போது காற்றைப் பார்த்து அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கொண்டுவந்தார்கள். போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே. உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து குளோபைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "சரி, பெட்டியைப் பிரிங்க, துணி துவைக்கணும்" என்றாள்.