இந்த மாசம் ஏறுவதா, இறங்குவதா?

உடுமலையிலிருந்து சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அங்க இப்ப சீசனா?" கல்யாணமாகி மறையூருக்கு வந்து 14 வருஷம் ஆகிறது, இன்னும் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் ஊர் இருக்கிற இடம் அப்படி. மேலே போகிற பஸ்ஸில் ஏறினால் 40 கிலோமீட்டர் சொச்சத்தில் மூணாறு, தேயிலையும் பனியும். கீழே போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சின்னார், அங்கே சதுரக்கள்ளியும் உடைமரமும் வெயிலும்தான். ஸ்வெட்டரோடு கிளம்பி ஒரே காலையில் வியர்த்து வழிய முடியும்.

மேலே வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிறது. சின்னாரின் அடிவாரக் காட்டில் 500 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரிது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ரோடு, அவ்வளவுதான். ஆனியில் கிளம்பும் தென்மேற்குக் காற்று ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் மோதி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான மலை, அதைத் தாண்டி ஈரம் வருவது லேசில்லை. அதனால் எங்கள் வீட்டில் லீவு நாளுக்கு முந்தின ராத்திரி பேச்சே "நாளைக்கு ஏறுறதா, இறங்குறதா" என்பதுதான். என் நாத்தனார், நான், பிள்ளைகள் இரண்டு பேர், இதுதான் எங்கள் நடைக் கூட்டம்.

கோடையில் எல்லோரும் மேலே ஓடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் மூணாறு ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும். நான் அப்போதுதான் இறங்குவேன். வெயிலில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படிக்கும்போது, பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் காய்ந்து பாலையாக மாறும் என்று மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். சின்னாரில் கோடையில் நடந்த அன்றுதான் அது என்னவென்று கண்ணால் பார்த்தேன். நாலு மாசம் முன்னால் இடுப்பளவு புல் நின்ற இடம் வெறும் செம்மண்ணும் கல்லுமாகக் கிடக்கிறது. கிளுவை மரங்கள் ஓர் இலை இல்லாமல் நிற்கின்றன. வாசனைகூட வேறு, சூடான பாறையில் ஏதோ பிசின் உருகுகிற மாதிரி. ஆனால் பாம்பாற்றின் கரைக்கு வந்துவிட்டால் நீர்மருதுகள் இரண்டு பக்கமும் கூரை போட்டிருக்கின்றன. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில், இருபது அடி உள்ளே வந்தால் வீட்டுக்குள் நுழைந்த குளுமை. அந்த மரங்களின் உச்சியில்தான் சாம்பல் நிற மலை அணில் குடியிருக்கிறது. நம் அணில் மாதிரி நினைக்காதீர்கள், வாலோடு சேர்த்தால் ஒரு பூனையின் நீளம் வரும். காடு காய்ந்து கிடக்கும்போது எல்லா உயிரும் ஆற்றங்கரைக்கே வந்தாக வேண்டும், அதனால் புள்ளிமான், காட்டெருமை, மயில் எதைப் பார்க்கவும் மழைக்காலத்தைவிட இது நல்ல காலம். போனால் காலை ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கி பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

சின்னார் 1984-லிருந்து வனவிலங்குச் சரணாலயம், 90 சதுர கிலோமீட்டர். நாமாக உள்ளே நடக்க முடியாது, வனத்துறை மூலமாகப் பக்கத்து ஆதிவாசிக் குடிகளைச் சேர்ந்த முதுவர் அல்லது மலைப்புலையர் ஒருவர் வழிகாட்டியாகக் கூட வருவார். அது தொந்தரவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் இல்லாத நடை நடையே இல்லை. எங்களோடு வழக்கமாக வரும் அண்ணன் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், சட்டென்று கையை உயர்த்தி நிற்பார், நாங்களும் நிற்போம். அரை நிமிஷம் கழித்துத்தான் எங்கள் காதுக்கு மூங்கில் ஒடிகிற சத்தம் வரும். யானை.

தீ பயம் உள்ள வாரங்களில் உள்ளே விடமாட்டார்கள், கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்மேட்டில் காற்றும் தீயும் சேர்ந்தால் மனுஷ ஓட்டம் பத்தாது. மாசி, பங்குனியில் புல்மலை எதிலும் நான் கால் வைப்பதில்லை. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையும் வரையாடு குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், அது ரொம்பச் சரி.

மழைக்காலத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு பயத்தோடு சேர்ந்தது. மூன்று வருஷம் முன்னால் ஓர் ஆடி மாசம். மறையூரில் வெயிலும் சாரலுமாக மாறி மாறி வந்துகொண்டிருந்தது, கீழே சின்னாரில் மேகமே இல்லை, காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. பாம்பாற்றின் நடுவில் ஒரு பெரிய பாறை, அதில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சின்னவன் கால் நனைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் சாப்பிடாமல் தண்ணீரையே பார்த்தார். "டீச்சர், நெறம் மாறுது. எந்திரிங்க." எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. "அண்ணி, டப்பாவ விடுங்க, பையனப் பிடிங்க" என்று நாத்தனார் இழுத்தாள். கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் டீ நிறத்தில் சருகும் குச்சியுமாக வந்துகொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையின் தலை மட்டும்தான் தெரிந்தது. தலைக்கு மேல் அப்போதும் நீல வானம். "மேல பேயுற மழை ஆத்துக்குத்தான் தெரியும், காட்டுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். அன்றிலிருந்து ஆற்றங்கரைக்குப் போனால் முதலில் நான் பார்ப்பது தண்ணீரின் நிறம். மூணாறு போகும் ரோட்டில் லக்கம் அருவியில் குளிக்க நிற்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பது ஒரு கணக்கே இல்லை.

ஆனி முதல் ஆவணி வரை மூணாறு பக்கம் பார்க்க அவ்வளவு அழகு, ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் அருவி. ஆனாலும் மழை வலுத்துவிட்டால் நான் ஏறுவதில்லை. 2018 வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் போய் மேலே போகிற வழியே அறுந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், புதைந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மலையை ஆகஸ்ட் மாசத்தில் பார்க்கும்போது எனக்குப் போட்டோ எடுக்கக் கை வராது. மழைக்காலத்தில் எங்கள் நடை மறையூரைச் சுற்றித்தான். கோவில்கடவில் தென்காசிநாதரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துப் பாறை மேல் ஏறி முனியறைகளைப் பார்ப்போம். பெருங்கற்காலத்து மனுஷர்கள் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த அறைகள். காந்தளூர் சாரலில் குடை பிடித்தபடி ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் நடப்பதும் அந்த மாசங்களில்தான்.

மார்கழி, தை வந்தால் ஏறியே ஆக வேண்டும். விடிவதற்குள் போய்விட்டால் புல்வெளி உப்பைக் கொட்டினாற்போல் வெள்ளையாக இருக்கும், வெயில் பட்டதும் போய்விடும். உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிவிடுவதால் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது நஷ்டம், அதையும் நினைத்துக்கொள்வேன். திரும்பி வரும் வழியில் மறையூர் கரும்புக் காடு, ஆலைக் கொட்டகையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடான பாகை ஓர் இலையில் வாங்கி ஊதி ஊதிச் சாப்பிட்டால் விரல் விறைப்பு போய்விடும்.

செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே மழைக்காலத்தில் அட்டை, அதனால் முழங்கால் வரை சாக்ஸும் கொஞ்சம் உப்பும். கீழே உடைமுள், சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வந்துவிடும், அதனால் தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ. ஒரே ஷூ இரண்டுக்கும் ஒத்துவரவில்லை, நான் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். தண்ணீர் கீழே ஆளுக்கு 2 லிட்டர், குறைக்காதீர்கள்.

இப்போது புரட்டாசி முடியப் போகிறது. மேலே மழை விட்டுவிட்டது, கீழே இன்னும் தொடங்கவில்லை. சின்னாருக்கு உண்மையான மழை இனிமேல்தான், வடகிழக்குக் காற்று ஐப்பசியில் சமவெளிப் பக்கமிருந்து கொண்டுவருகிற மழை. முதல் இரண்டு மழை போதும், செத்துக் கிடந்த மாதிரி இருந்த காடு ஒரு வாரத்தில் பச்சைக்கு மாறும், செம்மண்ணில் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்து வரும், அதிர்ஷ்டம் இருந்தால் பாதையோரம் நட்சத்திர ஆமையும் கண்ணில் படும். அங்கே பாம்பாறும் சின்னாறும் கூடுகிற கூட்டாற்றில் நின்றால் எனக்கு இன்னொரு சந்தோஷம், அந்தத் தண்ணீர்தான் அமராவதியாகி, அணையில் தேங்கி, என் அம்மா வீட்டு வயலுக்குப் போகிறது. நேற்று சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தேன், உடுமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. முதல் மழை விழுந்ததும் போன் செய்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். முள்ளுக்கான ஷூவை எடுத்துத் தூசி தட்டி வாசலில் வைத்திருக்கிறேன்.