சோவியத் விண்வெளி பேட்ஜுகள்: இரண்டாம் ஆண்டு நிலவரம்

சட்டையில் குத்திக்கொள்ளும் சோவியத் விண்வெளி பேட்ஜுகளைச் சேர்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கையில் இப்போது 43 இருக்கின்றன. ரஷ்ய மொழியில் ‘ஸ்னச்சோக்’ எனப்படும் இவை அந்நாட்டில் சில கோபெக் சில்லறைக் காசுகளுக்கு விற்கப்பட்டவை. பலவற்றின் பின்புறத்தில் விலையே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே அரும்பொருள் சேர்க்கிறேன் என்று பெருமை பேச இடமில்லை.

முதலில் வாங்கிய, ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் பேட்ஜை நானே கெடுத்தேன். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்ததில், ஐந்தே நிமிடத்தில் பொன்னிற மெருகு போய், அடியிலிருந்த அலுமினியம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. அதன்பிறகே உலோகத்தைக் கவனிக்கக் கற்றேன். அலுமினிய பேட்ஜ் உள்ளங்கையில் கனமே தெரியாமல் கிடக்கும். அதில் வண்ணம் பள்ளங்களுக்குள் சற்றுத் தாழ்ந்து நிற்கும். கண்ணாடித் தூளை உருக்கிப் பதித்த எனாமல் கொண்ட கனமான பேட்ஜில் வண்ணமும் உலோக விளிம்பும் ஒரே மட்டத்தில் இருப்பதால், நகத்தால் வருடினால் எங்கும் தடங்காது.

ஆண்டு குறிக்கப்படாத பேட்ஜின் காலத்தைக் கணிப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதல் விண்வெளி மனிதரான ககாரின் பறந்த 12.4.1961 என்ற தேதி பலவற்றில் உண்டு என்றாலும், அது நிகழ்வின் தேதியே தவிர பேட்ஜ் செய்யப்பட்ட தேதி அன்று. அவரைச் சுமந்து சென்ற வஸ்தோக் ராக்கெட்டை 1967-இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் வைக்கும்வரை அதன் உண்மையான உருவத்தை சோவியத் அரசு வெளியில் காட்டவில்லை. ஆகவே அதுவரை பேட்ஜுகளில் கூர்மூக்கும் வால் துடுப்புகளும் கொண்ட கற்பனை ராக்கெட்டே பறந்துகொண்டிருந்தது. அடிப்பகுதியைச் சுற்றி நான்கு கூம்புகள் ஒட்டிய நிஜ ராக்கெட் தெரிந்தால், அந்த பேட்ஜ் 1967-க்கு முற்பட்டதாக இருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் ராகேஷ் ஷர்மா சென்ற பயணத்தின் பேட்ஜை, விலை கேட்டு இருமுறை பின்வாங்கிய பின், சென்ற மாதம் வாங்கினேன். அதற்குக் காலக்கணிப்பு தேவைப்படவில்லை. ஆனால் பின்பக்க ஊசி எஃகாலானது. சென்னைக் காற்றில் மூன்றே வாரத்தில் செம்புள்ளிகள் தோன்றிவிட்டன. இப்போது எல்லாவற்றையும் பருத்தித் துணி போர்த்திய ஃபோம் தட்டில் குத்தி, மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்திருக்கிறேன்.

கற்பனை ராக்கெட் உள்ள ஏழு பேட்ஜுகளை ‘1967-க்கு முன்’ என்று தனி வரிசையாகக் குத்தியிருந்தேன். போன வாரம் வந்த ஒன்றில் அதே துடுப்பு ராக்கெட்டுக்கு அருகில் செர்கேய் கொரோலியோவின் முகம் இருக்கிறது. சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளரான அவருடைய பெயரே 1966 ஜனவரியில் அவர் இறக்கும்வரை இரகசியமாக இருந்தது. ஆகவே இந்த பேட்ஜ் 1966-க்கு முற்பட்டதாக இருக்காது; 1967-க்குப் பிறகும் செய்யப்பட்டிருக்கலாம். அப்படியானால், நிஜ உருவம் தெரிந்த பிறகும் பழைய படத்தை அவர்கள் விட்டுவிடவில்லை என்று கருத இடமுண்டு. ஏழையும் கழற்றி, ‘காலம் தெரியாதவை’ வரிசைக்கு மாற்றிவிட்டேன்.