ஆல்ப்ஸுக்கு ஒரு ஸ்டீல் ஹார்ட்டெயில்

ஏப்ரல் 12, சனி

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளைத்தான் ஹார்ட்டெயில் என்பார்கள். அதற்கான ஃபிரேம் வந்து சேர்ந்தது. 4130 குரோமோலி என்ற ஸ்டீல் கலவை, 29 அங்குலச் சக்கரத்துக்கானது. தராசில் வைத்தால் 2.6 கிலோ. அலுமினியத்தில் வாங்கியிருந்தால் அரைக் கிலோவாவது மிச்சமாகியிருக்கும்.

"ஸ்டீல் என்றால் குலுக்கல் தெரியாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த ஃபிரேம் மேலும் கீழும் எவ்வளவு வளைந்துவிடும்? அதன் கீழே இருக்கும் டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. நான் ஸ்டீலை எடுத்ததற்குக் காரணம் வேறு. அலுமினியத்தைவிட இது ஏறத்தாழ மூன்று மடங்கு கனம், மூன்று மடங்கு விறைப்பும்கூட. அதனால் குழாய் ஒல்லியாகவும் சுவர் மெல்லியதாகவும் இருந்தாலே போதும். ஒல்லியான மேல்குழாய் தோளில் உறுத்தாமல் உட்காரும். ஆல்ப்ஸ் கணவாய்களில் கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் ஏற்றம் பெரும்பாலும் சைக்கிள் நம் மேல் ஏறிப் போவதுதான். அப்புறம், பாறையில் விழுந்தால் ஸ்டீல் நசுங்கும், சட்டென்று விரிசல் விடாது. விட்டாலும் பற்றவைக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

துருத் தடுப்பு. வெளியே பெயின்ட் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சீட் குழாயின் வாய், பாட்டில் போல்ட் துளை என்று தண்ணீர் நுழைய வழி நிறைய. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெழுகு கலந்த ஸ்ப்ரே அடித்து, ஃபிரேமைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பி ஓட விட்டேன். தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தும் நாற்றம் போகவில்லை. பாட்டம் பிராக்கெட்டுக்கு, அதாவது பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு, அடியில் உள்ள வடிகால் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தாயிற்று. அந்தத் துளை அடைத்தால் மற்ற எல்லாம் வீண்.

ஏப்ரல் 19, சனி

பாட்டம் பிராக்கெட் மரைக்குத் தாராளமாக கிரீஸ். வலப்பக்கம் எதிர்மரை: இடம்புறமாகச் சுற்றினால்தான் இறுகும். மரை போட்ட கோப்பை இருக்கிற ஃபிரேமாகத் தேடித்தான் வாங்கினேன். அழுத்திச் செருகும் வகை கிறீச்சிட ஆரம்பித்தால் மலையில் ஒன்றும் செய்ய முடியாது.

முன் ஃபோர்க் அமுங்கும் நீளம் 140 மி.மீ. 150 போடலாமா என்று ரொம்ப யோசித்தேன். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முன்னும் பின்னும் சேர்ந்து தாழும். ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும்தான் தாழ்கிறது. முன்பக்கம் 20 மி.மீ. தாழ்ந்தால் ஹெட் கோணம் (ஹேண்டில்பார் திரும்பும் குழாயின் சாய்வு) ஏறத்தாழ ஒரு டிகிரி செங்குத்தாகும். காகிதத்தில் 65 டிகிரி என்றிருப்பது உட்கார்ந்ததுமே 66-ஐத் தாண்டிவிடும், செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடித்தால் இன்னும் மோசம். ஆகவே நீளமான ஃபோர்க்கைவிட, சற்றுக் காற்று கூடுதலாக அடித்த 140 எனக்குச் சரி. சாக், அதாவது ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தாழும் அளவு, 15 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று முழுக்கப் பின்சக்கரம். முன்சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் அந்த வேலை முழுக்க டயர் தலையில்தான் விழுகிறது. ஆல்ப்ஸ் பாதைகளில் மழைத்தண்ணீரை ஒதுக்க, குறுக்கே கல்லையோ மரக்கட்டையையோ பதித்திருப்பார்கள். கூர் விளிம்போடு நிற்கும் அவைதான் ரிம்முக்கு எமன். அதனால் 32 ஸ்போக், அலுமினிய ரிம். கார்பன் வேண்டாம்: அலுமினியம் கோணினால் இடுக்கியால் நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். டயர் 2.4 அங்குலம், இரட்டைச் சுவர் உள்ள கனமான வகை. உள்ளே நுரை வளையமும் வைத்தேன். டயர் மட்டுமே 1.2 கிலோவுக்கு மேல். ஃபிரேமில் நூறு கிராம் குறைக்கப் பாடுபட்டுவிட்டு இங்கே மெல்லிய டயர் போடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

நுரை வளையத்தோடு கடைசி அரையடி டயரை ரிம்முக்குள் தள்ளுவது கை வலிக்கிற வேலை. எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால்தான் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றி, சக்கரத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்திருக்கிறேன்.

மே 3, சனி

பிரேக். நான்கு பிஸ்டன், முன்னும் பின்னும் 203 மி.மீ. டிஸ்க்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 930 கிலோஜூல். 20 டிகிரியில் இருக்கும் இரண்டேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் கழியும். மெதுவாக இறங்கும் கரடுமுரடான பாதையில் மீதியெல்லாம் இந்த இரண்டு தகடுகளுக்குத்தான். ஆகவே பின்னால் 180 போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேட் உலோகக் கலவை. சத்தம் போடும், குளிரில் முதல் பிடியில் சற்று மந்தம். ஆனால் நீண்ட இறக்கத்தில் சூட்டைத் தாங்கும், ஈரத்தில் சீக்கிரம் தேயாது. ஆயில் மினரல், டாட் (DOT) என்ற மற்றொரு வகை பிரேக் ஆயிலைப் போல ஈரத்தை உறிஞ்சாது, கையில் பட்டாலும் பெயின்டில் பட்டாலும் பதற வேண்டாம். ஹோஸ் ஃபிரேமுக்கு வெளியே ஓடுகிறது. அழகாக இல்லை என்பது உண்மை.

மே 4, ஞாயிறு

மீதியெல்லாம் மளமளவென்று முடிந்தது. முன்னால் 30 பல், பின்னால் 10 முதல் 51 வரை. கடைசி கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 1.36 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வராது. அதற்கும் கீழே போனால் இறங்கித் தள்ளுவதே மேல், எனவே இன்னும் சின்னப் பல் தேவைப்படாது. தட்டை பெடல்: நடக்கிற காலணியோடு மிதிக்கலாம். சீட் போஸ்ட் 180 மி.மீ. இறங்கும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து.

மே 11, ஞாயிறு

மொத்த எடை 14.3 கிலோ. ஐந்து மாடிப் படியைத் தோளில் வைத்து ஏறிப் பார்த்தேன். மேல்குழாய் எதிர்பார்த்தபடியே வசதி, பெடல்தான் முதுகில் குத்துகிறது. க்ராங்கைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டுத் தூக்க வேண்டும்.

ஆளில்லாத ஒரு சரிவில் பிரேக்கைப் பழக்கினேன். வேகமெடுத்து, நடைவேகத்துக்குக் குறைத்து, நிற்காமல் மறுபடியும். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு பிடி இறுகியது. பின் டயரை 1.9 பாரில் ஆரம்பித்து 1.7க்கு இறக்கினேன். அதற்குக் கீழே வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிகிறது. ஸ்டீலின் மென்மையைத் தேடுகிறவர்கள் முதலில் இந்த 0.2 பாரைக் குறைத்துப் பார்க்கட்டும்.

மலைச் சைக்கிள் பாதைகளின் கடினத்தை எஸ்0 முதல் எஸ்5 வரை அளப்பார்கள். இது எஸ்2 பாதைகளுக்கான வண்டி, எஸ்3-இல் பொறுமையாக. எஸ்4 எல்லாம் தோளில். உயரமான கணவாய்களில் பனி விலக ஜூலை ஆகிவிடும். அதற்குள் ஸ்போக் இழுவையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டையும். இன்னும் வாங்க வேண்டியவை: பின் கியர் மாற்றியைத் தாங்கும் மாற்று டீரெயிலர் ஹேங்கர், இரண்டு ஜோடி பேட், நீளமான ஒரு கியர் கேபிள்.